கண்ணுக்குத் தெரியாத பொறி



பள்ளி விடுமுறை தொடங்கியதும் நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் உண்டியல் காசைச் சேர்த்து, மின்னணுப் பாகங்கள் அடங்கிய பொட்டலம் வாங்கி வருகிறார்கள். சிறிய வானொலி, தீபாவளிக்கு வாசலில் கட்டும் ஓடுவிளக்கு என்று ஏதேனும் ஒன்றை வீட்டிலேயே பூட்டிப் பார்க்கும் ஆசை. படத்தில் காட்டியபடியே பூட்டியும் விளக்கு எரியவில்லை என்றால், பாடுபட்டுச் சேர்த்த காசு போயிற்றே என்று பெற்றோருக்குக் கோபம்; ‘நமக்கு இதெல்லாம் வராது’ என்று பிள்ளைக்குச் சோர்வு. ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா, ஏதேனும் பாகம் தலைகீழாகப் பொருந்திவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் அங்கேதான் இருக்கும். அங்கே குறை இல்லையென்றால், கெடுத்தது அந்தப் பிள்ளையின் விரல் நுனியில் இருந்த மின்சாரமாக இருக்கலாம்.

விரல் நுனியில் மின்சாரமா என்று வியப்பீர்கள். கோலா தெர்லாவில் ஆற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சிறு நிலையம் ஒன்று உண்டு. அங்கே பிறப்பது கம்பி வழியே ஓடும் மின்சாரம். நான் சொல்வது ஓடாமல் ஒரு பொருளின் மேல் தங்கி நிற்பது. ஆகவே அதை நிலைமின்சாரம் என்பர். இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போதும் உரசும்போதும் ஒன்றின் எலெக்ட்ரான்கள் மற்றொன்றுக்குப் போய்விடுகின்றன. குளிருக்கு அணிந்த சுவெட்டரை இரவில் தலைவழியே கழற்றும்போது சில நாள் படபடவென்று ஓசை கேட்கிறதே, அது இதன் வேலைதான்.

அப்படிச் சுருக்கென்று நமக்கு உணர்வு தட்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். பயப்பட வேண்டாம், அருவியின் உச்சியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் விழுவதைப் போன்றது அது. உயரம் பெரிது, தண்ணீர் சொற்பம். நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஓடுவிளக்கில் இருக்கிறதே பதினாறு கால்களுள்ள 4017 என்னும் சில்லு, அதன் கதை வேறு. இந்த வகைச் சில்லுக்குள் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் ஒரு மெல்லிய ஏடு இருக்கிறது. தொடக்க காலச் சில்லுகளில் அதன் கனம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. சுமார் 100 வோல்ட் நேராகப் பட்டால் அது துளைபட்டுப் போகும். பிற்காலச் சில்லுகளில் ஏடு இன்னும் மெல்லியது. காவலுக்கென்று ஒவ்வொரு காலிலும் சிறு தடுப்பு வைத்துத்தான் செய்கிறார்கள் என்றாலும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆக, நமக்கு உணர்வே தட்டாத பொறி சில்லைக் கொன்றுவிட முடியும். ‘எனக்கு ஒன்றும் சுருக்கென்று படவில்லையே’ என்பது இங்கே செல்லாது.

நம் மலையில் எப்போதும் பனியும் ஈரமும்தானே, இங்கே இந்தத் தொல்லை எப்படி வரும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஈரக்காற்று நமக்குப் பெரிய துணைதான். ஆயினும் அது முழுக் காவல் அன்று. 1980ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட கையேடு ஒன்றில் இதற்குக் கணக்கு உண்டு. மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுக்கும்போது, வறண்ட காற்றில் 20,000 வோல்ட் வரை எழும்பலாம். ஈரக்காற்றிலும் 1,200 வோல்ட் வரை எழும்பலாம்.

பினாங்கில் 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் தொடங்கின. தோட்டப்புறங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்களும் அத்தகைய தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். உங்கள் வீட்டிலேயே அத்தையோ சின்னம்மாவோ அப்படிப் போனவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து மேசைக்கு ஒரு கம்பி என்று சொல்வார்கள். உடம்பில் சேரும் மின்சாரத்தை உடனுக்குடன் நிலத்துக்கு இறக்குவதே அந்தப் பட்டையின் வேலை. அதற்குள் பத்து லட்சம் ஓம் தடை ஒன்றும் இருக்கும். தவறி வீட்டு மின்சாரத்தைத் தொட்டாலும், உடம்பின் வழியாக ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்குக்கு மேல் ஓடாதபடி தடுப்பது அந்தத் தடை. ஆகவே பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு மின்துளைக்குள் செருகிப் பார்க்கும் விளையாட்டு ஒருபோதும் வேண்டாம். அது உயிர்க்கொலை. கம்பியே இல்லாத கைப்பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். அதற்குக் காசு கொடுப்பது வீண்.

பட்டை இல்லாத வீட்டில் என்ன செய்வது? நம் லயத்து வீடுகளின் சிமெண்டுத் தரையே கைகொடுக்கும். பூச்சும் விரிப்பும் இல்லாத சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றாலே உடம்பின் மின்சாரம் மெல்ல இறங்கிவிடும். பளபளப்பான ஓடு பதித்த தரையும் பிளாஸ்டிக் விரிப்பும் இதற்கு உதவா. அந்த வீட்டுக்காரர் மண்ணில் இறங்கும் இரும்புக் குழாயை ஒரு முறை தொட்டுவிட்டு வரலாம். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டுப் பயனில்லை.

ஆனால் ஒன்று. வீட்டு மின்சாரத்தில் சூடாகும் சோல்டரிங் அயனைப் பிடிக்கும்போது வெறுங்கால் ஆகாது. அப்போது செருப்பு கட்டாயம். இரண்டும் முரணாக இருக்கிறதே என்றால், வேலையின் வரிசையை மாற்றினால் தீர்ந்தது. சில்லை நேராகப் பற்றவைக்காமல், அதன் கால்கள் நுழையும் சாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விலை சில காசுகள்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு சாக்கெட், தடைகள், கம்பிகள் எல்லாவற்றையும் முதலில் பற்றவைத்து முடியுங்கள். இவற்றுக்கு நிலைமின்சாரத்தால் கேடில்லை. பிறகு அயனைப் பிடுங்கி அப்பால் வையுங்கள். சுவெட்டரை அடுத்த அறையில் கழற்றிப் போட்டுவிட்டு, செருப்பையும் விட்டு, வெறுங்காலோடு சிறிது நேரம் தரையில் நின்ற பின் சில்லின் பையைத் திறக்கலாம். பேட்டரி அப்போது மாட்டியிருக்கக் கூடாது. சில்லின் காலைத் தொடாமல் இரு முனைகளையும் பிடித்து, பள்ளம் உள்ள பக்கம் பார்த்துச் சாக்கெட்டில் அழுத்துங்கள்.

அதுவரை சில்லு அது வந்த வெள்ளிநிறப் பையிலோ கறுப்புப் பஞ்சிலோ இருக்கட்டும். அழகாக இருக்கிறதே என்று வெள்ளைப் பொலிஸ்திரினில் குத்தி வைப்பதுதான் நான் அடிக்கடி காண்பது; அதைவிடக் கெட்ட இடம் வேறில்லை. கறுப்புப் பஞ்சு இல்லையென்றால் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றலாம். பேட்டரி உள்ள பலகையை மட்டும் அந்தத் தாளின் மேல் வைக்காதீர்கள்.

அடிபட்ட சில்லு உடனே சாகும் என்பதும் இல்லை. ஏடு பாதி கிழிந்த நிலையில் சில வாரம் ஓடி, பிறகு ஒரு நாள் நின்றுவிடுவதும் உண்டு. தீபாவளிக்கு எரிந்த ஓடுவிளக்கு பொங்கலுக்குள் நின்றுபோனால், சாக்கெட்டிலிருந்து பழைய 4017ஐ எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிப் பாருங்கள். மற்றவற்றைக் கழற்ற வேண்டியதில்லை.