எந்த விலங்குக்கு எந்தக் குண்டு?

வன்னி நாட்டில் உழவும் வேட்டையும் உடன்பிறந்தவை. கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனில், குளத்து நீர் பாயும் வயல்களில் கதிர் முற்றும் வேளையில், காட்டுப் பன்றிகள் கூட்டமாக இறங்கும். ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு சேறாகிவிடும். ஆதலால் காவற்பரணும் துவக்கும் உழவனுக்குக் கலப்பைக்கு அடுத்த கருவிகளாயின. எனினும் துவக்கை ஏந்தத் தெரிந்தவர் பலர். அதனுள் இடும் குண்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் சிலரே.

பழைய 'இடியன்' துவக்கில் மருந்தையும் ஈயத்துண்டுகளையும் கைக்கணக்கில் இட்டு இடித்தார்கள். பின்னர் வந்த தோட்டாத் துவக்கில் எல்லாம் எண் கணக்கு. பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்பதன் பொருள் யாது? ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று அதன் குழலிற் பொருந்தும் என்பதே.

தோட்டாவினுள் இருக்கும் சன்னங்களும் அவ்வாறே. ஆங்கில அளவின்படி 'எஸ்.ஜி.' சன்னம் ஓர் அவுன்சுக்கு 8. ஆறாம் இலக்கச் சன்னமோ ஏறத்தாழ 270. காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் ஏற்றது பின்னது. அதனைப் பன்றியின்மீது பிரயோகித்தால் என்னாகும்? இலேசான சன்னம் காற்றில் விரைவில் வேகமிழந்து, தடித்த தோலிலேயே தங்கிவிடும். பன்றி சாகாது, புண்ணுடன் காட்டுக்குள் ஓடிப் பல நாள் துடிக்கும். காயம்பட்ட தனியன் பன்றி, எதிர்ப்பட்ட மனிதரையும் கிழிக்கும். மாறாகச் சிறு பறவைக்குப் பெருஞ்சன்னம் இட்டாலோ, ஒன்று தப்பும். அன்றேல் இறைச்சி சிதறும்.

ரைபிள் குண்டின் வரலாறு இன்னும் விந்தையானது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 1890-களில், நுனியில் ஈயம் வெளித்தெரியும் குண்டொன்று செய்யப்பட்டது. உடலிற் பாய்ந்ததும் அது விரிந்து பெரும்புண் உண்டாக்கும். அவ்வகைக் குண்டுகளை யுத்தத்திற் பயன்படுத்தலாகாது என 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாடு பிரகடனம் செய்தது. ஆனால் மான் போன்ற விலங்குகளை வேட்டையாடும் நாடுகளில், விரியும் குண்டே இரக்கமுடையதென இன்றும் கருதப்படுகின்றது. முரண்பாடன்றோ? காரணம் எளிது. காயம்பட்ட போர்வீரனுக்கு மருத்துவமனை உண்டு; காயம்பட்ட மானுக்கு அஃதில்லை. விரைவான மரணம் ஒன்றே அதற்குக் கிடைக்கக்கூடிய கருணை.

குண்டின் உலோகமும் சிந்தனைக்குரியது. குளத்தில் வீழ்ந்த ஈயச் சன்னங்களைத் தாராக்கள் சிறு கற்களென எண்ணி விழுங்கும். இரைப்பையில் அவை அரைபட்டு நஞ்சு இரத்தத்திற் கலக்கும். இதனாலேயே அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னம் தடைசெய்யப்பட்டு, உருக்குச் சன்னம் முதலியன வழக்கிற்கு வந்தன. குளங்களை நம்பி வாழும் வன்னி மக்கள் மனத்திற் கொள்ளத்தக்க செய்தி இது.

இலங்கையில் 1937-இல் இயற்றப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. மானையும் மரையையும் கொல்வது இன்று குற்றம். எஞ்சியிருப்பது பெரும்பாலும் பயிர்க்காவலே. அங்கும் அனுமதிப்பத்திரமும் தக்க தோட்டாவும் மட்டும் போதா. குறியையும் அதன் அப்பாலுள்ளதையும் காணும் கண் வேண்டும்.

அக்கண் இல்லாத ஆயுதம் ஒன்றுண்டு, அதுவே கட்டுத்துவக்கு. விலங்கு செல்லும் தடத்திற் கயிறு கட்டி, தானே வெடிக்குமாறு வைக்கப்படுவது. பன்றியின் காலையும் விறகு பொறுக்கச் சென்ற சிறுவனின் காலையும் அக்கயிறு வேறுபடுத்தாது. எந்த உயிர்மீது, எந்தக் குண்டு, எந்தக் கணத்தில் என்று தீர்மானிக்க வேண்டியவன் மனிதன். அத்தீர்மானத்தைக் கயிற்றிடம் ஒப்படைப்பவன் வேட்டைக்காரனும் அல்லன், காவற்காரனும் அல்லன்.