ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான். திருமண வரவேற்பில் எடுத்த படங்களைத் தம்பி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். மணமக்கள் பளிச்சென்று இருக்கிறார்கள். பின்னால் இருந்த பூ அலங்காரத்தையும் சீரியல் விளக்கையும் காணோம், ஒரே இருட்டு. ஷட்டர் 1/200, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் ஃபிளாஷ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கிறார்.

ஃபிளாஷ் போட்டு எடுக்கும் படத்தில் இரண்டு வெளிச்சங்கள் சேர்கின்றன. மண்டப வெளிச்சம் குழாய்த் தண்ணீர் மாதிரி; ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரமும் விழுந்துகொண்டே இருக்கும். ஃபிளாஷ் அப்படியல்ல, ஒரே வீச்சில் ஊற்றிய சொம்புத் தண்ணீர். பவரைக் குறைத்து வைத்தால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வெட்டி முடிந்துவிடும். ஆகவே ஷட்டரை 1/200லிருந்து 1/50க்கு இறக்கினால் மண்டப வெளிச்சம் நான்கு மடங்காகும். ஃபிளாஷ் வெளிச்சம் அப்படியே இருக்கும். அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் இரண்டையும் சேர்த்தே மாற்றும். இது பிடிபட்டால், ஃபிளாஷ் பவரை நாமே வைக்கும் மேனுவல் முறை மீதான பயம் போய்விடும்.

முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4, ஷட்டர் 1/60 என்று தொடங்கி, அலங்காரம் தெரியும்படி, ஆனால் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) மங்கலாக வரும்வரை ஷட்டரை மாற்றிப் பாருங்கள். பிறகு ஃபிளாஷை மேனுவலில் போட்டு, அதன் தலையை வெள்ளைக் கூரைப் பக்கம் திருப்பி, 1/8 பவரில் ஒரு படம். முகம் வெளுத்தால் 1/16, மங்கினால் 1/4. மற்ற எதையும் தொடாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 100இல் தேவைப்படும் பவரில் எட்டில் ஒரு பங்கே 800இல் போதும். ஃபிளாஷ் சீக்கிரம் சார்ஜ் ஆகும், மாலை மாற்றும் நொடி தவறாது.

கேமராவே அளந்து ஃபிளாஷ் பவரை முடிவு செய்யும் டிடிஎல் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். வெள்ளை வேட்டி கூடுதலாகத் தெரிந்தால் டிடிஎல் வெளிச்சத்தைக் குறைக்கும், கறுப்புக் கோட்டைக் கண்டால் கூட்டும். அடுத்தடுத்த படங்களே ஒத்துவராது. மேடையில் ஃபிளாஷும் மணமக்களும் இடம் மாறாதவரை மேனுவல்தான் நம்பகமானது. பந்தியில் சுற்றும்போது டிடிஎல் போதும், அங்கே தூரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நேராக அடிக்கும் ஃபிளாஷில் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும்.

ஷட்டரை மட்டும் உங்கள் கேமராவின் சிங்க் வேகத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். பெரும்பாலும் அது 1/200 அல்லது 1/250. தாண்டினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

அடுத்த வரவேற்புக்கு அரைமணி நேரம் முன்னதாகவே போய், நண்பர் ஒருவரை மேடையில் நிறுத்தி இதைச் செய்து பாருங்கள்.