இறங்குவது எளிது, ஏறுவதுதான் வித்தை!

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் கோடை வந்தால் பையன்கள் வயல் கிணற்றில் குதிப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அடிவரை போவார்கள். ஒரு பிடி மண்ணோடு மேலே வருவார்கள். மூச்சு முட்டினால் காலை உதைத்தால் போதும். தலைக்கு மேலே திறந்த வானம்!

அந்த வானம் மூடிக்கொண்டால் என்ன செய்வது?

கடலுக்கு அடியில் மீனும் பவளமும் பார்க்கப் போகிறவர் ஒருவர். குகைக்குள்ளும், மூழ்கிய கப்பலுக்குள்ளும், நூறு அடிக்கு வெகு கீழேயும் போகிறவர் இன்னொருவர். முதலாவது பொழுதுபோக்கு முக்குளிப்பு. இரண்டாவதை 'டெக்னிக்கல் டைவிங்' என்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

மோட்டார் காரில் பிறந்த கருவி

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். பிரான்சில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை 'கேஸ்' ஊற்றி ஓட்டினார்கள். அதற்காக எமில் கன்யான் என்ற எஞ்சினீயர் ஒரு வால்வு செய்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் குஸ்தோ அதைக் கண்டார். இருவரும் சேர்ந்து 1943-ல் அதை நீருக்கடியில் சுவாசிக்கும் கருவியாக மாற்றினார்கள். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய். இழுத்தால் காற்று வரும், விட்டால் நிற்கும். அதுதான் ஸ்கூபா!

அதைப் பலர் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்பார்கள். அது தவறு. அதில் இருப்பது நாம் எல்லோரும் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். அமுக்கி அடைத்திருக்கிறார்கள்.

புதிதாகப் பழகுகிறவர் முதலில் நீச்சல் குளத்தில் பழகுவார். பிறகு கடலில் 60 அடிவரை போகலாம். மேலும் பழகினால் 100 அடி. பொழுதுபோக்குக்கு 130 அடியே கடைசி எல்லை.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் மாமல்லபுரத்துக்கும் அதிகத் தொலைவு இல்லை. அங்கே 2002-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் கடலில் இறங்கினார்கள். சுமார் 16 முதல் 26 அடி ஆழத்தில் சுவர்ச் சிதைவுகளைக் கண்டார்கள். நல்ல கிணற்றின் ஆழம்தான்! அதற்கு ஒரு சிலிண்டர் போதும்.

கோலி சோடா சொல்லும் பாடம்

ஆழம் கூடினால் கதை மாறுகிறது. கடலில் 33 அடி இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகும். 130 அடியில் ஐந்து மடங்கு! அந்த அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும்.

கோலி சோடாவைப் பாருங்கள். மூடியிருக்கும்வரை தெளிந்த தண்ணீர். கோலியைத் தட்டியதும் பொங்குகிறது! அழுத்தம் சட்டென்று குறைவதால், கரைந்திருந்த வாயு குமிழியாக வெளிவருகிறது.

ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர் அவசரமாக மேலே வந்தால், உடம்புக்குள் இதேதான் நடக்கும். மூட்டுகள் வலிக்கும். தண்டுவடத்தில் குமிழி சேர்ந்தால் கை கால் விழுந்துவிடும். உயிரும் போகலாம்.

இதற்கு வழி கண்டவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை இரும்பு அறைக்குள் விட்டு, காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், ஏறும்போது எங்கெங்கே நிற்க வேண்டும் என்று 1908-ல் அட்டவணை வெளியிட்டார்.

ஆகவே ஆழத்தில் வெகுநேரம் இருந்தவர் நினைத்தவுடன் மேலே வரமுடியாது. படிப்படியாக நின்று நின்றுதான் வரவேண்டும். சில சமயம் மணிக்கணக்கில்கூட! கீழே அரை மணி, மேலே வர இரண்டு மணி என்றும் ஆகலாம். தலைக்கு மேலே பாறை இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது.

எல்லாம் இரண்டு!

மேலே ஓடிவர வழி இல்லை என்றால், கோளாறை அங்கேயே தீர்த்தாக வேண்டும். அதனால்தான் டெக்னிக்கல் டைவிங்கில் எல்லாம் இரண்டு. முதுகில் இரண்டு சிலிண்டர். வாய்க்கு இரண்டு குழாய். ஆழமும் நேரமும் காட்டும் கம்ப்யூட்டர் இரண்டு. முகக் கண்ணாடியும் இரண்டு. குழாய்களில் ஒன்று மட்டும் ஏழு அடி நீளம். ஏன்? கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் அவருக்குக் கொடுக்க! குறுகிய வழியில் ஒருவர் பின் ஒருவராக நீந்தவும் அந்த நீளம் உதவும்.

காற்றும் மாறுகிறது. 100 அடிக்குக் கீழே நைட்ரஜன் கள் குடித்ததுபோல் மயக்கும். ஆகவே பலூனில் அடைக்கும் ஹீலியத்தைக் கலக்கிறார்கள். ஏறும்போது 70 அடியில், பாதி ஆக்சிஜன் உள்ள சிலிண்டருக்கு மாறுவார்கள். 20 அடிக்கு வந்ததும் சுத்த ஆக்சிஜன். உடம்பிலுள்ள நைட்ரஜன் விரைவில் கழிய இது உதவும்.

ஆனால் சுத்த ஆக்சிஜனை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரும்! வாயிலிருந்து குழாய் நழுவும். பிறகு பிழைப்பது அரிது. அதனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆழத்தைப் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். கூட்டாளி சரி பார்த்த பிறகே வாயில் வைப்பார்கள்.

பணம் போதாது, பழக்கம் வேண்டும்

இந்தக் கருவிகளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பழக்கத்தை வாங்க முடியாது. 18 வயது நிரம்பியவர்களுக்கே பொதுவாக இந்தப் பயிற்சி தருகிறார்கள். கண்ணாடி இல்லாமல் நீந்தச் சொல்வார்கள். முதுகுப்பக்கம் கையை விட்டு வால்வை மூடித் திறக்கச் சொல்வார்கள். ஒரே ஆழத்தில் அசையாமல் மிதக்கச் சொல்வார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. யாராவது ஒருவர் 'போதும்' என்று சைகை காட்டினால், எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக்கூடாது!

குகைக்குள் பதின்மூன்று உயிர்

2018 ஜூன் 23. தாய்லாந்தில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் தாம் லுவாங் குகைக்குள் போனார்கள். மழைவெள்ளம் வழியை அடைத்தது. ஜூலை 2-ல் அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வொலான்தன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். ஸ்டான்டன் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். இருவரும் பல ஆண்டுகள் குகைகளில் முக்குளித்துப் பழகியவர்கள்.

குகையில் ஒரு கணக்கு உண்டு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. மீதி ஒரு பங்கு ஆபத்துக்கு.

ஜூலை 6-ல் தாய்லாந்துக் கடற்படையில் முன்பு பணிபுரிந்த சமான் குனான், குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது உயிர் துறந்தார். ஜூலை 10-க்குள் பதின்மூன்று பேரும் வெளியே வந்தார்கள். பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, முகமூடி மாட்டி, ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள்!

பள்ளிக்கரணையும் தூத்துக்குடியும்

எவ்வளவு பழகினாலும் மனித உடலுக்கு எல்லை உண்டு. அதற்கு அப்பால் போக, தாம்பரத்துக்கு அருகே பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 'மத்ஸ்யா 6000' என்ற வாகனத்தை உருவாக்கி வருகிறது. டைட்டானிய உருண்டைக்குள் மூன்று பேர் அமர்ந்து 6,000 மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றேமுக்கால் மைல் ஆழம் போவதே திட்டம். உருண்டைக்குள் தரையிலுள்ள அழுத்தமே இருக்கும். ஏறும்போது நிற்கவேண்டிய தேவை இல்லை.

ஆனால் உருண்டை இல்லாமல், வயிற்றுப்பாட்டுக்காக உடம்போடு கடலில் இறங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்து இறங்குவார்கள், ஒரே மூச்சு. மேலே கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்பது கடற்கரை வழக்கு. தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டாரே!

பிறகு காற்று அடைக்கும் எந்திரம் படகில் ஏறியது. ரப்பர்க் குழாய் வழியே காற்று வந்தது. நெடுநேரம் கீழே இருக்க முடிந்தது. சங்கும் அதிகம் கிடைத்தது. ஆனால் ஹால்டேனின் அட்டவணை அந்தப் படகில் ஏறவில்லை. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இறங்கியவர்களில் கை கால் முடங்கியவர்கள் உண்டு. உயிர் இழந்தவர்களும் உண்டு. வீட்டில் உழைக்கும் ஒரு ஆள் படுத்தால், அந்தக் குடும்பமே படுத்ததற்குச் சமம்.

வேடிக்கைக்கு இறங்குகிறவருக்குப் பயிற்சி கிடைக்கிறது. பிழைப்புக்கு இறங்குகிறவருக்கும் அது கிடைக்க வேண்டும். கருவி ஒருவனைக் கீழே கொண்டுபோய்விடும். மேலே கொண்டுவருவது படிப்பும் பொறுமையும்தான்!