எழுபது வளைவுகளும் பதினொரு கார்களும்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்

கொல்லிமலை என்றதும் தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். எனக்கோ பிரேக் ஆயில் நினைவுக்கு வருகிறது. இதைக் கேட்டு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் கட்டுரையை இறுதிவரை படித்தால் என்னை மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன்.

என் தந்தையார் நாமக்கல்லில் கார் பட்டறை வைத்திருக்கிறார். லாரிக்குப் பெயர் போன ஊரில் பழைய காருக்கென்று இருக்கும் சில பட்டறைகளுள் அதுவும் ஒன்று. பட்டறையின் வேப்பமரத்தடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுவது வழக்கம். பெயர்ப்பலகையோ சந்தாவோ இல்லாத சங்கம் அது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், டாக்டர் ஒருவர், அரிசி ஆலைக்காரர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், லாரி பாடி கட்டுபவர்கள் என்று பதினொரு பேர். கார்களும் பதினொன்று: ஐந்து அம்பாசிடர், நான்கு பியட், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு பழைய மாருதி 800. அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. பியட்டும் ஹெரால்டும் அதற்கும் முன்பே நின்றுபோனவை. ஆகவே இவர்கள் கூடினால் பேச்செல்லாம் உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதாகவே இருக்கும்.

2024 ஜனவரியில் இவர்கள் ஒன்றாகக் கொல்லிமலைக்குப் போனார்கள். திட்டம் என்று எதுவும் கிடையாது. காலையில் கிளம்பினார்கள், மேலே போனார்கள், சாப்பிட்டார்கள், இறங்கினார்கள். இறங்கும்போது முப்பத்தொன்றாவது வளைவில் தலைமையாசிரியரின் அம்பாசிடருக்குப் பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்துச் சாக்கடையில் வண்டியை இறக்கிவிட்டார். உயிர் தப்பியது பெரும் பேறு. அவருடைய மனைவியாருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

அந்த வண்டிக்குப் பதினைந்து நாள் முன்புதான் எங்கள் பட்டறையில் பிரேக் வேலை நடந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், மறுநாள் காலையில் வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்து மிதித்துப் பார்த்தபோது பிரேக் சரியாகவே பிடித்தது. ஊரில் இரண்டு பேச்சு எழுந்தது. தலைமையாசிரியர் பதற்றத்தில் காலை மாற்றி வைத்துவிட்டார் என்றனர் சிலர். இராத்திரியோடு இராத்திரியாகப் பட்டறையில் சரிசெய்துவிட்டார்கள் என்றனர் வேறு சிலர். தந்தையார் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. "நான் லைனிங் மாத்துனது சரியாத்தான் இருக்குது" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடிக் கூட்டம் நான்கு மாதம் நடக்கவில்லை.

இனி இயற்பியலுக்கு வருகிறேன். ஐந்து பேர் அமர்ந்த அம்பாசிடரின் எடை சுமார் 1500 கிலோ. மலைமேலிருந்து அடிவாரத்துக்குச் சுமார் 1000 மீட்டர் இறக்கம். நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 1 கோடியே 47 இலட்சம் ஜூல் வருகிறது. வண்டி கீழே வந்து நிற்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது வெப்பமாகப் போயாக வேண்டும். குழாய்த் தண்ணீர் 47 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. ஒரு கலியாண அண்டாத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் முழுக்கப் பிரேக்கை நம்பி இறங்கினால், நான்கு இரும்பு டிரம்கள்தாம் அந்த அண்டாவைச் சுமக்க வேண்டும்.

டிரம் சூடேறினால் இரண்டு கேடுகள் விளையும். விரிவடைந்த டிரம் லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் பிடிமானமும் குறையும். இது முதலாவது. இரண்டாவது கேடு மறைவானது. சூடு வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ள ஒரு திரவம். டாட்-3 என்னும் வகைக்கு, புதிய டப்பாவில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அதற்குரிய அளவு வெறும் 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே மிதித்த மிதி குமிழைத்தான் அமுக்குமே தவிர, லைனிங்கைத் தள்ளாது. வண்டி ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். மறுநாள் காலையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும்!

வகுப்பில் வெப்பவியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது இந்தக் கடைசி வரி திடீரென்று எனக்குப் பிடிபட்டது. அன்று மாலையே தலைமையாசிரியரின் வண்டியிலிருந்து கொஞ்சம் ஆயிலைச் சிறு புட்டியில் எடுத்தேன். நிறம் வரக்காப்பி போல் இருந்தது. எங்கள் துறைப் பேராசிரியர் அனுமதியுடன், அவர் பக்கத்தில் நிற்க, ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் அதைச் சூடேற்றினோம். 150-ஐத் தாண்டியதும் குமிழ்கள் வந்தன. புதிய டப்பா ஆயில் 200 வரை அசையாமல் இருந்தது. தந்தையார் லைனிங்கை மாற்றியிருந்தார், டிரம்மைக் கடைந்திருந்தார், ஆயிலை மட்டும் மாற்றவில்லை. குறைந்த அளவுக்கு மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருந்தார். பெரும்பாலான பட்டறைகளில் வழக்கம் அதுதான்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்தேன். இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்த கைக்கு நான் புட்டியைக் காட்டிப் பாடம் நடத்துவதா? நான்காம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன். அவர் புட்டியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "அப்ப தப்பு நம்ம மேலயும் இருக்குதா, கண்ணு?" என்றார். "வாத்தியாருங்க மூணாவது கியர்ல எறங்கியிருக்காருங்கப்பா. அதுவும் ஒரு காரணந்தான்" என்றேன். "அவரு காரணத்த அவரு பாத்துக்குவாரு" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை தலைமையாசிரியர் வீட்டுக்கு நடந்தே போனார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போடப்பட்டன. தலைமையாசிரியரே முதலில் வந்து உட்கார்ந்தார். மறுபடியும் கொல்லிமலைக்கே போவது, திட்டத்தைத் தம்பி எழுதட்டும் என்று முடிவாயிற்று. தம்பி என்றது என்னைத்தான்.

ஒரே வீட்டார் ஒரு காரில் போவதற்கும் பதினொரு கார் சேர்ந்து போவதற்கும் உள்ள வேறுபாடு, எழுத உட்கார்ந்த பிறகே எனக்கு விளங்கியது. முதலில் நாள். ஆடி 17, 18 தேதிகளில் மலையில் வல்வில் ஓரி விழா நடக்கும். அறப்பளீஸ்வரர் கோயிலிலும் கூட்டம் நெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியக்கூடும். இவை கழிய, 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு என்று வைத்தோம். பனிமூட்டம் குறைந்து, வெயில் ஏறாத காலம்.

அடுத்தது வரிசை. வேகமான வண்டியை முன்னே விடுவதே எல்லாருக்கும் தோன்றும். அது பிழை. மெதுவான வண்டி முன்னே போனால்தான் கூட்டம் சிதறாது. ஆகவே 948 சி.சி. இயந்திரம் உள்ள ஹெரால்டைத் தலைமை வண்டி ஆக்கினோம். போட்டோ ஸ்டூடியோக்காரருக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. பதினொன்றும் ஒரே சங்கிலியாகப் போனால் பின்னால் வரும் பேருந்து முந்த வழியின்றித் தவிக்கும். ஆகவே நான்கு, நான்கு, மூன்று என்று பிரித்து, பத்து நிமிட இடைவெளி வைத்தோம். மூன்றாவது பகுதியின் கடைசி வண்டியில் தந்தையாரும் கருவிப் பெட்டியும்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி என்று போகும் பாதையில் வழி தவறாதிருக்க ஒரே விதிதான். முன்னால் போகிற வண்டியைத் துரத்தாதே, பின்னால் வருகிற வண்டியைப் பார். சாலை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் நீ திரும்புவதைக் காணும் வரை நின்று பிறகு திரும்பு. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் ஒருவருக்கு மட்டும் பொறுப்பு. கைப்பேசி இருக்க இது எதற்கு என்று டாக்டர் கேட்டார். மலைப்பாதையில் பல வளைவுகளில் அவர் கைப்பேசி எழும்பவில்லை என்பதைச் சென்ற பயணத்தில் அவரே கண்டவர்தான்.

பெட்ரோலுக்கு வருவோம். போகவர, மலைமேல் சுற்ற எல்லாம் சேர்த்துச் சுமார் 140 கி.மீ. சமவெளியில் லிட்டருக்கு ஒன்பது, பத்து கி.மீ. தரும் அம்பாசிடர், ஏற்றத்தில் ஆறு தந்தால் அதிகம். ஆகவே அம்பாசிடருக்கு 25 லிட்டர் ஊரிலேயே நிரப்ப வேண்டும் என்று எழுதினேன். இப்போது கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் இரப்பர் குழாயை அது ஊறச் செய்துவிடும். எனவே எல்லா வண்டிக்கும் பெட்ரோல் குழாய் புதிதாகப் போடப்பட்டது. ஏற்றத்தில் ஏ.சி. பம்பு சூடாகி உள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் வண்டி நின்றுபோகும். அதற்கு மருந்து பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் அறிந்ததே: ஈரத் துணி. வண்டிக்கு இரண்டு துணி, ஒரு குடம் தண்ணீர், ஒரு ஃபேன் பெல்ட், ஒரு பிளாட்டினம், ஒரு கண்டென்சர், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்ததில் மூன்று வண்டிகளில் இல்லை!

காகிதங்களையும் பார்த்தோம். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் கார்களுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அரிசி ஆலைக்காரரின் பியட்டுக்கு அது காலாவதியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. விபத்து நேர்ந்திருந்தால் காப்பீட்டில் என்ன சிக்கல் வந்திருக்கும் என்று தலைமையாசிரியர் விளக்கியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

உணவைப் பற்றி நான் எழுதியது ஒரே வரி. செம்மேட்டில் ஒரு மெஸ்ஸில் நாற்பத்திரண்டு சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது. ஆனால் பெண்களும் முதியவர்களும் கழிப்பறைக்கு எங்கே நிற்பது என்பதை நான் எழுதவே இல்லை. அம்மா பட்டியலைப் படித்துவிட்டு, "இது ஆம்பளைங்க மட்டும் போற ஊர்வலமாடா?" என்றார். அதன்பின் இரண்டு இடங்கள் சேர்ந்தன. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும் என்பதால், அறுபது வயது கடந்தவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது என்பதும் அம்மாவின் திருத்தம்.

எல்லாவற்றிலும் அதிகம் விவாதம் நடந்தது இறக்கத்துக்குத்தான். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். சின்ன கியரில் இறங்கினால் சக்கரம் இயந்திரத்தைச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஆக்சிலரேட்டரில் காலை எடுத்துவிட்ட இயந்திரம் அதற்கு இணங்காமல் இழுத்துப் பிடிக்கும். அண்டாத் தண்ணீர் வெப்பத்தில் பெரும்பங்கு டிரம்முக்குப் போகாமல் இயந்திரத்தோடு போய்விடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் சில ரூபாய்க்காக மொத்த வெப்பத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்கள். இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதலாவது. பிரேக்கில் காலை ஊன்றியே வைக்காமல், அழுத்தமாக மிதித்து விட்டுவிடுவது. ஐம்பது, முப்பத்தைந்து, பதினைந்தாவது வளைவுகளை ஒட்டி, சாலை அகன்ற இடம் பார்த்துக் கால் மணி நேரம் நிறுத்தம். சூடான டிரம்மில் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிரம் வெடித்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழி விட வேண்டும். மூன்றரை மணிக்கு மேல் எந்த வண்டியும் மேலே நிற்கக் கூடாது. இவ்வளவும் எழுதி ஆளுக்கொரு நகல் கொடுத்தோம். பயணத்துக்கு முந்தைய வாரம் தந்தையார் பதினொரு வண்டிக்கும் பழைய ஆயிலை முழுக்க இறக்கி, புதியது ஊற்றி, ஏர் எடுத்தார். கூலி வாங்கவில்லை.

பயணம் நன்றாகவே நடந்தது. நாற்பத்திரண்டாவது வளைவில் ஒரு பியட் நின்று, ஈரத் துணியால் பிழைத்தது. இறக்கத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிச் சென்ற அகச்சிவப்பு வெப்பமானியால் டிரம்களின் வெளிச்சூட்டை அளந்தேன். முப்பத்தைந்தாவது வளைவில் தலைமையாசிரியரின் அம்பாசிடரின் முன் டிரம் 92 டிகிரி. டாக்டரின் பியட் 178. டிரம்மின் சூடு அப்படியே ஆயிலின் சூடு ஆகிவிடாதுதான். ஆனாலும் எண்ணைப் பார்த்த டாக்டர் ஒன்றும் பேசாமல் நகலை எடுத்து மறுபடி படித்தார். அங்கே கால் மணிக்குப் பதில் முக்கால் மணி நின்றோம்.

தலைமையாசிரியரின் மனைவியார் அன்று வரவில்லை. கை கூடிவிட்டது, மனம் கூடவில்லை என்று சொல்லியனுப்பினாராம். அவர் இடத்தில் முன் இருக்கையில், அந்தப் பாதி வழி, தந்தையார் உட்கார்ந்து வந்தார். முப்பத்தொன்றாவது வளைவில் இருவரும் என்ன பேசினார்கள் என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் பேசலடா, ரெண்டாவது கியர்ல போனோம்" என்றார்.

பட்டறையின் பில் புத்தகம் தீர்ந்து புதிதாக அச்சடிக்கக் கொடுத்தபோது, 'பிரேக் ஆயில் மாற்றிய நாள்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அச்சகத்துக்காரர் அதை 'பிரேக் ஆயில் மாற்றிய தாள்' என்று அடித்துவிட்டார். ஐந்நூறு பில்லிலும் பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்து ஏற்காடு போகலாமா என்று கேட்கிறார்கள்.