அச்சம் தணியட்டும், பிறகு முடிவெடுப்போம்

தவணை தவறிய அறிவிப்பைக் கையில் ஏந்தி வருபவரின் விரல்கள் நடுங்குவதை வங்கிக் கிளைகளில் நாங்கள் காண்கிறோம். "உடனே பணம் அனுப்பாவிட்டால் டிஜிட்டல் கைது" என்ற தொலைபேசி மிரட்டலுக்கு அஞ்சி, வைப்புத்தொகையை முறிக்க விரைபவரையும் காண்கிறோம். பதற்றம் மிகும்போது சிந்தனை தடுமாறுகிறது. இழப்புகள் அங்கேதான் தொடங்குகின்றன.

அவ்வேளையில் உதவக்கூடிய எளிய பயிற்சி, தட்டுதல் முறை. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கலஹான் வகுத்த முறையொன்றை, பொறியாளர் கேரி கிரெய்க் 1990-களில் எளிமையாக்கிப் பரப்பினார்.

முதலில் நம் பதற்றத்திற்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இடுவோம். பின், சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பை மறு கை விரல்களால் மெல்லத் தட்டியவாறு, "இந்தக் கடனை எண்ணி அஞ்சினாலும், என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று மும்முறை சொல்வோம். அடுத்து, புருவத் தொடக்கம், கண்ணின் வெளியோரம், கண்ணின் கீழ், மூக்கின் கீழ், கீழுதட்டின் கீழ், காறை எலும்பின் கீழ், அக்குளின் கீழ், உச்சந்தலை என ஒவ்வோரிடத்திலும் ஏழு முறை தட்டுவோம். முடிவில் மீண்டும் மதிப்பெண் இடுவோம். குறையாவிடில் மற்றொரு சுற்று.

இம்முறை உடலின் ஆற்றல் பாதைகளைச் சீர்செய்கிறது என்ற கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை. 2003-இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், உரிய புள்ளிகளில் தட்டியோர், கையில் வேறிடத்தில் தட்டியோர், பொம்மையைத் தட்டியோர் ஆகிய அனைவருக்குமே அச்சம் குறைந்தது. ஆகவே, அச்சத்தைப் பெயர் சொல்லி ஏற்பதும், கவனத்தை உடலின்பால் திருப்புவதும், சற்றே நிதானிப்பதும் பலன் தந்திருக்கலாம். செலவில்லாத இந்த நிதானமே நமக்குப் போதுமானது.

தட்டுவதால் கடன் குறையாது. கடனைப் பற்றிப் பேசும் தெளிவு பிறக்கக்கூடும். தவணை செலுத்த இயலாவிடில், காலந்தாழ்த்தாது கிளை மேலாளரை அணுகுங்கள். மிரட்டல் அழைப்பு வந்தால் இணைப்பைத் துண்டியுங்கள். டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் ஏதுமில்லை. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் அளியுங்கள். பதற்றம் நாள்கணக்கில் நீடித்து உறக்கத்தைக் கெடுத்தால், மருத்துவரை நாடுங்கள். நடுவண் அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கையொப்பமிடும் முன் இரண்டு நிமிடம் நிதானிப்போம். அந்த இரண்டு நிமிடம் வாழ்நாள் சேமிப்பையே காக்கக்கூடும்.