வாக்கர் குழந்தைக்கா, நமக்கா?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "என் குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. வாக்கர் வாங்கலாமா, வேண்டாமா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்" என்று எழுதியிருந்தார். இதே கேள்வி எங்கள் வீட்டிலும் ஒரு மாதம் பெரிய பஞ்சாயத்தாக ஓடியது. எனவே நான் கேட்டதையும் பார்த்ததையும் எழுதுகிறேன். யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

என் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுவதும் பேரனைப் பார்த்துக் கொள்வது நான்தான். எனக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். இந்த நிலையில் பேரன் தவழ ஆரம்பித்தான். இப்போது கட்டிலுக்கு அடியில் இருப்பான், அடுத்த நிமிஷம் செருப்பு வைக்கும் இடத்தில் இருப்பான். எதைப் பார்த்தாலும் வாயில் போடுவான்.

சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன் இப்படிக் கஷ்டப்படறீங்க? ஒரு வாக்கர் வாங்கிப் போடுங்க. அவன் பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருப்பான், நீங்களும் ரெண்டு வேலை பார்க்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர், "காலுக்குப் பலம் வரும், சீக்கிரம் நடந்துடுவான்" என்றார். மருமகள் மட்டும் வேண்டாம் என்றாள். ஆனாலும், "பகலெல்லாம் பார்த்துக்கிறது நீங்க. உங்களால முடியலைன்னா நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன் அத்தை. நீங்க சொல்றதுதான்" என்று முடிவை என்னிடமே விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என்னைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "வாக்கர் குழந்தைக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமாம்மா?" யோசித்துப் பார்த்தேன். எனக்குத்தான் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது பத்து நிமிஷம் குழந்தை ஓர் இடத்தில் இருந்தால் போதும் என்று நினைக்காத தாய் யார்? ஆனால் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

நடை பழக வாக்கர் உதவுமா?

நடப்பதற்குக் கால் பலம் மட்டும் போதாதாம். இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் சேர்ந்து உடம்பைச் சாயாமல் நிறுத்தப் பழக வேண்டும். குழந்தை குப்புற விழுவதும், உட்காருவதும், தவழுவதும், நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்பதும், சுவரோரமாகவே பக்கவாட்டில் அடி வைப்பதும் அந்தப் பழக்கம்தான். பிடியை விட்டுவிட்டுத் 'தொப்'பென்று உட்காருகிறதே, அதுகூட ஒரு பாடம்தான். எப்படி விழுவது, எப்படி எழுவது என்று அதில்தான் தெரிந்து கொள்கிறது.

வாக்கரில் இதெல்லாம் கிடையாது. துணி இருக்கையில் உட்கார்ந்தபடி கால் விரல் நுனியால் தரையை உந்தினால் வண்டி ஓடுகிறது. முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் குழந்தைக்குத் தன் பாதமே சரியாகத் தெரியாது. சாய்ந்தாலும் வண்டி பிடித்துக் கொள்கிறது. அப்புறம் சமநிலை எப்படி வரும்?

மருமகள் படித்துவிட்டு ஒரு தகவல் சொன்னாள். அயர்லாந்தில் 190 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டிருக்கிறார்கள். குழந்தை வாக்கரில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால், ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியாக நடப்பது மூன்று நாளுக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப் போயிருந்ததாம். 'அவ்வளவு தாமதமெல்லாம் ஆகாது' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் வாக்கரால் குழந்தை சீக்கிரம் நடந்தது என்று காட்டியவர்கள் இல்லை. நாம் காசு கொடுத்து வாங்குவதே அதற்காகத்தானே?

நம் பிள்ளைத்தமிழையே எடுத்துக் கொள்ளுங்கள். பாட்டுடைத் தலைவன் தெய்வமே ஆனாலும் புலவர்கள் எடுத்த எடுப்பில் நடக்க வைக்கவில்லை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று ஐந்து பருவம் தாண்டி, ஆறாவதாகத்தான் 'வா' என்று கூப்பிடும் வருகைப் பருவம். செங்கீரை என்றால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. டாக்டர் சொன்ன பயிற்சி அதிலேயே இருக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் வருவது பத்தாவதாக, எல்லாம் முடிந்த பிறகுதான்!

பயப்பட வேண்டிய விஷயம்

நடை தாமதமாவதைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம். அடிபடுவதுதான் எனக்குத் திக்கென்றது. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரு விநாடியில் 3 அடிக்கு மேல் நகர்ந்துவிடும். நாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசற்படிக்குப் போய்விடும்.

எங்கள் தெருவிலேயே நடந்தது இது. கூடத்திலிருந்து வாசலுக்கு மூன்றே படி. குழந்தை வாக்கரோடு உருண்டு, நெற்றியில் தையல் போடும்படி ஆனது. அதன் அம்மா எங்கேயும் போய்விடவில்லை. நாலடி தூரத்தில் துணி மடித்துக் கொண்டு, குழந்தையைப் பார்த்தபடியேதான் இருந்தாள். 'பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கலாம்' என்று சொல்கிறோமே, அது நடக்காத காரியம். வாக்கர் விபத்துகளில் பெரும்பாலானவை பெரியவர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே நடப்பதாகத்தான் குழந்தை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் சுமார் 2,30,000 பேர் வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்திருப்பதாக 2018-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நான்கில் மூன்று பேர் படியில் உருண்டவர்கள். பாதுகாப்பு விதிகள் வந்தபின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அடியோடு நிற்கவில்லை. கனடா 2004-லேயே வாக்கரை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை போட்டுவிட்டது.

படி மட்டுமா? வாக்கரில் ஏறினால் குழந்தை நிமிர்ந்துவிடுகிறது, கை உயரப் போகிறது. டீ டம்ளர், மேஜை விரிப்பு, இஸ்திரிப் பெட்டியின் வயர், பூஜை அறைக் குத்துவிளக்கு எல்லாம் எட்டிவிடும். தவழும் குழந்தை இதையெல்லாம் நெருங்க நேரமாகும். நமக்கும் தடுக்க அவகாசம் கிடைக்கும்.

நடைவண்டி வேறு

'அந்தக் காலத்திலும் நடைவண்டி இருந்ததே' என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். மரத்தால் செய்த மூன்று சக்கர நடைவண்டியில் குழந்தை உட்காருவதில்லை. தன் காலில் நின்று, தன் பாரத்தைத் தானே தாங்கி, கட்டையைப் பிடித்துத் தள்ளுகிறது. கால் ஓய்ந்தால் விட்டுவிட்டு உட்கார்ந்து கொள்ளும். அதுவும் தானாக எழுந்து நின்று, சுவரைப் பிடித்து நாலு அடி வைக்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் கொடுப்பார்கள்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு மண் வாசலில் நடைவண்டி மெதுவாக நகரும். இன்றைய டைல்ஸ் தரையில் வழுக்கிக் கொண்டு ஓடும். ஆகவே அதைத் தள்ளும்போது பெரியவர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். படி இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

சரி, வேலை எப்படி ஆகும்?

வாக்கர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். என் முழங்கால் வலி அதனால் போய்விடவில்லையே! அதற்கு நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன். செலவு அதிகமில்லை.

* ஹாலில் ஒரு மூலையை அவனுக்கென்று ஒதுக்கினோம். சோபாவை நகர்த்தி ஒரு பக்கம், சுவர் இரண்டு பக்கம், நாலாவது பக்கத்துக்குத் தச்சரிடம் சொல்லி இரண்டரை அடி உயரத்தில் ஒரு மரத் தடுப்பு. கம்பிகளுக்கு நடுவில் தலை நுழையாதபடி நெருக்கமாக வைக்கச் சொன்னோம். சோபாவில் அவன் ஏறத் தொடங்கியதும் அந்தப் பக்கத்துக்கும் தடுப்புப் போட்டுவிட்டோம்.

* அடுப்படி வாசலுக்கும் மாடிப்படிக்கும் ஒவ்வொரு தடுப்பு. குளியலறைக் கதவு எப்போதும் தாழ். வாளியில் தண்ணீர் வைப்பதையே விட்டுவிட்டேன். ஒரு சாண் தண்ணீர்கூடக் குழந்தைக்கு ஆபத்து.

* விளையாட்டுச் சாமானுக்குக் கடைக்குப் போகவில்லை. எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, மூடி, பழைய துணிப்பந்து. எல்லாம் வாயில் அடங்காத அளவு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. (கிண்ணச் சத்தம் மட்டும் இருக்கும்!)

* தாளிப்பு, எண்ணெய்ச் சட்டி வேலையெல்லாம் அவன் தூங்கும்போது. காய் நறுக்குவது, கீரை ஆய்வது எல்லாம் அவன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து.

* சாயங்காலம் என் வீட்டுக்காரர் முறை. 'காலுக்குப் பலம் வரும்' என்று சொன்னவரிடமே, "அப்படின்னா நீங்களே கையைப் பிடிச்சு நடத்துங்க" என்று ஒப்படைத்துவிட்டேன். இப்போது அதை யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

* வீட்டுக்குள் வெறுங்கால்தான். சாக்ஸ் போட்டால் டைல்ஸில் வழுக்கும். பாதம் தரையைத் தொட்டால்தான் பிடிப்பு வரும்.

சம்பந்தியம்மாவிடம் நான் வாதாடவில்லை. "வாக்கருக்கு வச்சிருக்கிற பணத்துல அந்தத் தடுப்பைச் செஞ்சு குடுங்க, சம்பந்தி வீட்டுச் சீரா இருக்கட்டும்" என்றேன். சிரித்துக் கொண்டே கொடுத்தார். மருமகளுக்குத் தன் அம்மாவோடும் மனத்தாங்கல் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே வாக்கர் இருந்தால் 'சும்மாதானே கிடக்கிறது' என்று அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். தொட்டிலும் சட்டையும் கைமாறலாம். இது கைமாற வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி உடைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துவிட்டதா?

வாக்கர் வாங்கத் தூண்டுவதே பெரும்பாலும் இந்த ஒப்பீடுதான். 'அவங்க வீட்டுப் பொண்ணு பத்து மாசத்துல ஓடுது, நம்ம பையன் இன்னும் தவழறானே!' உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடக்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிகிறது. சராசரி 12 மாதம். அதாவது பத்து மாதத்தில் நடந்ததும் சரி, பதினைந்தில் நடந்ததும் சரி. நூற்றில் நாலு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்திருக்கின்றன.

அதற்காக அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்காராவிட்டால், ஒரு வயது முடிந்தும் பிடித்துக் கொண்டுகூட நிற்காவிட்டால், 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காவிட்டால், ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் இழுத்துக் கொண்டு நகர்ந்தால், கற்றுக் கொண்டதை மறந்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்' என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னாலும், தேவைப்பட்டால் மாவட்டத்தில் உள்ள இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அப்படிப்பட்ட குழந்தைக்கு வேண்டியது பயிற்சி. வாக்கரில் உட்கார வைத்தால் குறை வெளியே தெரியாமல் நாள்தான் வீணாகும்.

கேள்வி கேட்ட அந்தச் சகோதரிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்களுக்குக் கை ஓய வேண்டும் என்பது தப்பே இல்லை. அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'காலையில் அரை மணி நேரம் குழந்தையை நீங்க வச்சுக்குங்க' என்று கணவரிடமும் மாமனாரிடமும் கேளுங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லி ஒரு வண்டியை வாங்குவதைவிட, நமக்கு உதவி வேண்டும் என்று நம் பெயரிலேயே கேட்பது நல்லது. நடையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தரையும் நேரமும் கொடுத்தால் குழந்தை தானே கற்றுக் கொள்ளும். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- பேரன் வளர்க்கும் ஒரு வாசகி, மயிலாடுதுறை