கோவளம் பகுதியில் சுவிட்ச் போர்டை அரிக்கும் உப்புக் காற்று: வீட்டு ரிப்பேரில் தாமே இறங்குபவர்கள் உஷார்!

கோவளம்:

கிழக்கு கடற்கரை சாலையில் கோவளம், முட்டுக்காடு, நெம்மேலி பக்கம் குடியிருப்பவர்களுக்கு கடல் காற்று இலவசம். ஆனால் அந்த காற்றோடு சேர்ந்து வரும் உப்பு சுவிட்ச் போர்டு, மீட்டர் பெட்டி, மோட்டார், குழாய், ஹீட்டர் என்று எதையும் விட்டு வைப்பதில்லை. தாம்பரத்தில் பல வருஷம் தாங்கும் இரும்பு பெட்டி, கடலோரத்தில் சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டை விழுந்து விடுகிறது.

எலக்ட்ரீசியனுக்கு போன் போட்டால், "நாளைக்கு வரேன் சார்" என்பார். அந்த நாளைக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆள் வந்தாலும் ஒரு நாள் கூலி போய்விடும். இதனால் பல வீடுகளில் ஸ்குரூ டிரைவரும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரே களத்தில் இறங்கி விடுகிறார். இதில் தவறு ஒன்றும் இல்லை. எதுவரை கை வைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் இறங்குவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் போன்றவை கெட்டுப்போனால், அதே அளவில் வேறு ஒன்றை மாற்றிக்கொள்ள தடை இல்லை. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இந்த விலக்கு உண்டு. 2010-ல் வந்த மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளிலும் இது தொடர்ந்தது. ஆனால் புதிதாக லைன் இழுப்பது, ஹீட்டருக்கோ ஏ.சி.க்கோ தனி பாயிண்ட் போடுவது, வயரிங்கை மாற்றுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள காண்டிராக்டர் மூலமே செய்ய வேண்டும். மீட்டர் வரை உள்ளது மின்வாரியத்தின் பொறுப்பு. அதன் பிறகு வீட்டுக்குள் ஓடும் ஒவ்வொரு வயரும் வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டரின் சீலை உடைத்து உள்ளே பார்ப்பது குற்றம்.

கரண்ட் போனால் முதலில் செய்ய வேண்டியது, தெருவை எட்டிப் பார்ப்பது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்து நம் வீட்டில் மட்டும் இருட்டாக இருந்தால் மீட்டரை பார்க்க வேண்டும். மீட்டரில் எண் எதுவும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு மின்வாரியத்தின் பக்கம். மீட்டர் ஓடுகிறது, வீட்டில் கரண்ட் இல்லை என்றால் கோளாறு நம் பக்கம்.

விளக்குகள் திடீரென்று வழக்கத்தை விட பளிச்சென்று எரிந்தாலோ, பேன் தாறுமாறான வேகத்தில் சுற்றினாலோ வேடிக்கை பார்க்கக் கூடாது. வெளி லைனில் நியூட்ரல் அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மிக அதிகமாக பாய்ந்து டி.வி., பிரிட்ஜ் எல்லாம் கருகிவிடும். உடனே மெயினை ஆப் செய்துவிட்டு புகார் செய்ய வேண்டும்.

டெஸ்டரை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்று பிடித்தாலோ, ரப்பர் செருப்பு போட்டிருந்தாலோ டெஸ்டர் மங்கலாக எரியும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எனவே டெஸ்டர் எரியவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டி வயரை தொடக் கூடாது. வேலை செய்யும் முன் மெயினை ஆப் செய்து, வேறு யாரும் போட்டு விடாதபடி ஒருவரை அங்கேயே நிறுத்த வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மெயினை ஆப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் தனியாக நிறுத்த வேண்டும். "மெயின ஆப் பண்ணிட்டேனே, எப்படி அடிச்சுது?" என்று கேட்பவர்கள் பலர் இதில் சிக்கியவர்கள்தான்.

கடலோர வீடுகளில் சுவிட்ச் போர்டை கழற்றினால் செம்பு வயர் பச்சை பூத்துப் போய் இருப்பதை பார்க்கலாம். உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் அதன் வழியாகவே கரண்ட் கசியும். மழைக்காலத்தில் சுவரை தொட்டாலே சுர்ரென்று இழுப்பது இதனால்தான். அரிப்பால் ஸ்குரூ தளர்ந்த இடத்தில் சூடு ஏறி, பிளக் பாயிண்ட் பழுப்பு நிறமாகி கருகும். அப்படி கருகிய பாயிண்டை டேப் சுற்றி ஓட்டாமல், கருகிய வயர் முனையை வெட்டி புது பாயிண்ட் போடுவதே சரி.

எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காதா?

வீட்டுக்கு வீடு உள்ள தவறான நம்பிக்கை இது. எம்.சி.பி. என்பது வயரை காப்பாற்றுவதற்கு, மனுஷனை அல்ல. 6 ஆம்பியர் எம்.சி.பி., அந்த அளவை தாண்டினால்தான் விழும். ஆனால் உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. இதைப்போல 200 மடங்குதான் அந்த 6 ஆம்பியர். எம்.சி.பி. அசையும் முன்பே ஆள் போய்விடுவார்.

ஷாக்கில் இருந்து காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கருவி. போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் படக்கென்று விழுந்து விடும். அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் இரண்டையும் பிடித்தால் இந்த கருவியாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் எரிச்சலில் அதை கழற்றி நேரடியாக வயரை சேர்ப்பவர்கள் உண்டு. இதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ, அந்த லைனில்தான் கசிவு. அந்த லைனில் உள்ள மிக்சி, கிரைண்டர், மோட்டார், ஹீட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினால் திருடன் சிக்கிக்கொள்வான். எல்லாவற்றையும் இறக்கி, பிளக்குகளை பிடுங்கிய பிறகும் நிற்கவில்லை என்றால் சுவருக்குள் நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தில் உரசுகிறது. அதற்கு எலக்ட்ரீசியன்தான் வர வேண்டும்.

எர்த் விஷயத்தில் கடலோர மணல் சதி செய்யும். மேல் மணல் காய்ந்து கிடந்தால் கரண்ட் பூமிக்குள் இறங்காது. ஈரம் உள்ள ஆழம் வரை குழாய் இறங்கி இருக்க வேண்டும். அதில் வயரை முறுக்கி இருக்கும் போல்ட்டும் துருப்பிடித்து விட்டுப் போயிருக்கலாம். மழைக்கு முன் பார்த்துவிடுவது நல்லது. எர்த் இல்லாத வீட்டில் பிளக்குக்குள் எர்த் பின்னையும் நியூட்ரலையும் சேர்த்து முடிச்சு போடும் பழக்கம் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது விட்டுப் போனால், அந்த நிமிஷமே பிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

ஹீட்டரில் கவனம்

3 ஆயிரம் வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும். ஆயிரத்து 500 வாட் வாட்டர் ராடுக்கே ஆறரை ஆம்பியர் வேண்டும். இரண்டையுமே 6 ஆம்பியர் சின்ன பாயிண்டில் மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ராடு போட்ட வாளியில் "சூடாயிடுச்சா?" என்று விரல் விட்டுப் பார்ப்பது எமனை தொட்டுப் பார்ப்பது மாதிரி. சுவிட்சை ஆப் செய்து, பிளக்கை பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். இரும்பு, எவர்சில்வர் வாளி கூடவே கூடாது.

டேங்க் உள்ள ஹீட்டரில், தண்ணீர் சூடாகும்போது சேப்டி வால்வில் சொட்டு சொட்டாக வடிவது கோளாறு அல்ல. சூட்டில் தண்ணீர் விரிவதால் அழுத்தம் வெளியேறுகிறது. இதை ஒழுகல் என்று நினைத்து மூடி போட்டு அடைத்தாலோ, எம்-சீல் பூசினாலோ டேங்க் வெடிக்கும் ஆபத்து உண்டு. நிற்காமல் கொட்டினால் மட்டும் வால்வை மாற்ற சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் ஏறும் வீடுகளில் காயிலில் உப்பு படிந்து, தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும், கரகர என்று சத்தமும் வரும். அதை கழற்றி சுத்தம் செய்வது மெக்கானிக் வேலை. கியாஸ் கீசர் வைத்திருப்பவர்கள் அதை குளியலறைக்கு வெளியே மாட்ட வேண்டும். அடைத்த அறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

மோட்டார் உர்ரென்று உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். உறும விட்டால் காயில் கருகும், உடனே ஆப் செய்ய வேண்டும். பிளக்கை பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கி இருக்கும் என்பதால் வெறும் கையால் தொடக் கூடாது. மோட்டார் நன்றாக சுற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் புட் வால்வு பிடிக்காமல் குழாயில் தண்ணீர் இறங்கி இருக்கும். தண்ணீர் ஊற்றி, காற்று முழுவதும் வெளியேறிய பிறகு போட்டால் ஏறும். தினமும் ஊற்ற வேண்டி இருந்தால் வால்வையே மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் அடியில். மணிக்கணக்கில் மோட்டாரை ஓட்டினால் அடியில் உள்ள உப்புதான் மேலே வரும்.

குழாய் ஒழுகல் மட்டும் யாரும் பயமில்லாமல் செய்யலாம். கேட் வால்வை மூடி, வாஷரை மாற்றி, டெப்லான் டேப்பை மரை ஓடும் திசையிலேயே சுற்றினால் முடிந்தது.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரை கையால் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மெயினை ஆப் செய்ய வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளி விட வேண்டும். மூச்சு இல்லை என்றால் 108-க்கு போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவில் விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தெருவில் வயர் அறுந்து கிடந்தாலோ, மின்கம்பத்தில் பொறி பறந்தாலோ அருகில் போகாமல், 2021-ல் தொடங்கப்பட்ட மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் 24 மணி நேரமும் புகார் செய்யலாம்.